ரப்பர் பேண்டு பிரிக்காத புத்தகப் பை

சிங்கப்பூரில் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துப் பதினான்கு வருடமாகிறது. அதில் முதல் பத்து வருடம் நான் பிள்ளைகளை மட்டும்தான் கவனித்தேன். காலையில் வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போகும் அம்மாக்களின் முகம் மனதில் பதிந்ததே இல்லை.

அப்போது ஐந்து வயதுப் பிள்ளைகள் படிக்கும் என் கே1 வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அழமாட்டான், அடம்பிடிக்கமாட்டான். உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவான். கதை நேரத்தில் மற்ற பிள்ளைகள் "அப்புறம் டீச்சர்?" என்று முண்டியடிக்கும்போது, அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றுகூடக் கேட்கமாட்டான். கால்சட்டை நனைந்தபின் அப்படியே நிற்பான்.

பள்ளிக்குத் தயாராவது என்றால் பலர் அ, ஆ எழுதுவதையும் நூறுவரை எண்ணுவதையும் நினைக்கிறார்கள். எங்களுக்கு அதைவிட முக்கியமானவை உண்டு. வேண்டியதை வாய்விட்டுக் கேட்கணும், தன் முறை வரும்வரை காத்திருக்கணும், "பையை வச்சிட்டு வந்து உட்காரு" என்றால் இரண்டையும் செய்யணும். ஏழு வயதாகும் ஆண்டின் ஜனவரியில் தொடக்கப்பள்ளிக்குப் போய்விடுவார்கள். அங்கே கேண்டீனில் தனியாக வரிசையில் நின்று காசு கொடுத்துச் சாப்பாடு வாங்கவேண்டும்.

இவன் எப்படிச் சமாளிப்பான் என்ற கவலையில், நான்கு படப் புத்தகங்களை ஒரு பையில் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பை திரும்பி வந்தது. ரப்பர் பேண்டு நான் சுற்றியபடியே இருந்தது. அன்று சாயங்காலம் அவன் அம்மாவை நிறுத்திவைத்துச் சொன்னேன்: "தினமும் பத்து நிமிஷம் படிச்சுக் காட்டக்கூடாதாம்மா? நீங்கதானே பாத்துக்கணும்?" மற்ற பெற்றோர்களும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவர் "சரிங்க டீச்சர்" என்றார். அடுத்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பாட்டிதான் பையனைக் கொண்டுவந்து விட்டார். அந்த "சரிங்க" இன்னும் காதில் இருக்கிறது.

பையன் நான்கு நாள் சேர்ந்தாற்போல் வராமல் போகவே, பள்ளியில் சொல்லிவிட்டு நானே போனேன். ஓரறை வாடகை வீடு. மத்தியானம் நான்கு மணிக்கு ஜன்னல் சாத்தியிருந்தது. தரையில் மெத்தை, அதில் ஐந்து மாதப் பெண் குழந்தை விழித்துக்கொண்டு "ங்க்கா, ங்க்கா" என்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் குழந்தை மேல்தான் இருந்தது, ஆனால் பார்வை அங்கே இல்லை. அப்போது பையன் போய்க் குனிந்து, "என்னடா தங்கம்? என்ன வேணும் என் ராசாத்திக்கு?" என்றான். வகுப்பில் ஒரு வார்த்தை பேசாதவன்! அப்படியே ஒரு தாயின் ராகம்.

நான் அவரைப் பார்த்தேன். "இவன் பொறந்தப்ப நான் இப்படித்தான் பேசிக்கிட்டே இருப்பேன் டீச்சர். இப்போ வாயே வரமாட்டேங்குது" என்றார்.

புதுக்கோட்டைப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவருக்குக் கிடங்கில் இரவு வேலை. பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மா வர முடியவில்லை. பத்தியச் சாப்பாட்டைத் தானே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். மனச்சோர்வு என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "தூக்கம் வரல, நெஞ்சு அடைக்குது, ஒண்ணுமே ஓடல" என்றார். நம் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். உடம்பு அசதி, கண்பட்டுவிட்டது என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

பிரசவத்தை ஒட்டி வரும் இந்த மனச்சோர்வைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் பத்துக் கேள்விகள் வைத்திருக்கிறார்கள். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987இல் வந்தது. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். முதல் கேள்வி சிரிக்க முடிந்ததா என்பது. கடைசிக் கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது.

சிங்கப்பூரில் 2009இல் தொடங்கிய கஸ்டோ ஆய்வு, சீன, மலாய், இந்தியத் தாய்மார்களைக் கர்ப்பகாலத்திலிருந்தே பின்தொடர்ந்தது. குடும்ப வருமானத்துக்கும் பிள்ளை பள்ளிக்குத் தயாராவதற்கும் உள்ள தொடர்பில் ஒரு பகுதி, பிரசவத்தை ஒட்டிய காலத்தில் தாய்க்கு இருக்கும் மனநிலையின் வழியாகத்தான் போகிறது என்று அதில் தெரியவந்தது. படித்தபோது எனக்கு அந்த மெத்தைதான் ஞாபகம் வந்தது. குழந்தை ஒரு சத்தம் கொடுக்கும், நாம் பதில் கொடுப்போம், அது மறுபடி கொடுக்கும். ஒரு நாளில் எத்தனை நூறு தடவை! பேச்சும் கவனமும் காத்திருப்பதும் அங்கேதான் ஆரம்பமாகின்றன. மின்கட்டணமும் ஊருக்கு அனுப்பவேண்டிய பணமும் ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடினால், காலையில் அந்தப் பதில் எங்கிருந்து வரும்?

அன்று நான் புத்தகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். இல்லை என்றார். குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டேன், அவர் ரசம் சாதம் சாப்பிட்டார். வாசலில் அவரை நிறுத்தி அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் எங்கள் முதல்வர் மூலமாகக் குடும்பச் சேவை நிலையத்தில் சொல்லி, பாலிகிளினிக் எனும் பலதுறை மருந்தகத்துக்கும் அழைத்துப்போக ஏற்பாடானது. மருந்தும் ஆலோசனையும் பல மாதம் ஓடின. நடுவில் இரண்டு தடவை நிறுத்திவிட்டுத் திரும்பவும் ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் பிள்ளையின் முழுநாள் பராமரிப்புக்கு அரசின் கூடுதல் மானியம் வேண்டுமென்றால் தாய் மாதம் 56 மணி நேரமாவது வேலை பார்க்கவேண்டும். வேலைக்குப் போக முடியாதவர்கள் காரணம் காட்டித் தனியாக அனுமதி வாங்கவேண்டும். படிவத்தைப் பார்த்தாலே அழுகை வரும் நிலையில் இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய மலை! 2024 டிசம்பரில் அதை மாற்றினார்கள். குடும்பத்தின் மாத வருமானம் 6,000 வெள்ளிக்குள் இருந்தால், தாய் வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் அந்த மானியம் உண்டு. செய்தியைப் பார்த்ததும் முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன்.

இப்போதெல்லாம் காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு அம்மாவிடமும் இரண்டு வார்த்தை பேசுகிறேன். ராத்திரி தூங்கினீங்களா, வீட்டில் கூட யார் இருக்காங்க, அவ்வளவுதான். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கவனிக்கிறேன்.

பையன் தொடக்கப்பள்ளிக்குப் போனபோது கத்தரிக்கோல் சரியாகப் பிடிக்க வரவில்லை. ஆங்கில வாசிப்புக்குத் தனி உதவி வகுப்பிலும் சேர்த்தார்கள். ஆனால் கழிப்பறைக்குப் போகணும் என்று கையைத் தூக்கிக் கேட்கிறானாம். தங்கச்சி இந்த வருடம் எங்கள் நர்சரி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுகிறாள், அவள் அம்மா வாசலில் நின்று ஒவ்வொன்றுக்கும் "ம்... அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.