படம் வந்தது, பேச்சு வரவில்லை: டிவிடி மாற்றத்தில் காணாமல் போன ஒலியைத் தேடி எடுத்த அனுபவம்

மாற்று மென்பொருளின் பச்சைப் பட்டை நூறு விழுக்காட்டைத் தொட்டு, "வெற்றிகரமாக முடிந்தது" என்று அறிவித்தது. திறந்து பார்த்தால் படம் தெளிவாக இருந்தது, நீளமும் சரியாக இருந்தது, ஒலி மட்டும் அறவே இல்லை. பழைய குடும்பப் பதிவுகள் கொண்ட டிவிடிகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றி வைக்கலாம் என்று தொடங்கிய வேலை இது. பிழைச்செய்தி ஒன்று வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. தவறு நடந்ததையே ஒப்புக்கொள்ளாத மென்பொருளிடம் என்னவென்று கேட்பது?

வட்டுகளைக் கணினியில் போட்டு, டிவிடியின் படமும் ஒலியும் இருக்கும் வீடியோ டிஎஸ் என்ற கோப்புறையை நகலெடுத்தது வரை சொல்லத்தக்க சிக்கல் ஏதும் இல்லை. எல்லாம் வீட்டுப் பதிவுகள் என்பதால் நகல் தடுப்புப் பூட்டும் கிடையாது.

மென்பொருள் காசு கொடுத்து வாங்கியது. ஆகவே அதன் உதவி மையத்துக்கு எழுதினேன். மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுமாறும், கணினியின் ஒலி அட்டைக்கான டிரைவரைப் புதுப்பிக்குமாறும் பதில் வந்தது. இரண்டையும் செய்தேன், எதுவும் மாறவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் அந்த இரண்டாவது அறிவுரை எவ்வளவு பொருத்தமற்றது என்பது உறைத்தது. ஒரு கோப்பை இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் வேலையில் ஒலி அட்டைக்குப் பங்கே இல்லை. ஸ்பீக்கரே இல்லாத கணினியிலும் ஒலியோடு கூடிய கோப்பை உருவாக்க முடியும். ஒலி அட்டை தேவைப்படுவது கேட்பதற்கு மட்டுமே. அதை விளக்கி மறுபடி எழுதியபோது, வட்டு பழுதாகியிருக்கலாம், வேறொரு வட்டை முயன்று பாருங்கள் என்றார்கள். அதே வட்டு விஎல்சி பிளேயரில் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கிறது என்பதை முதல் மடலிலேயே எழுதியிருந்தேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கோடெக் தொகுப்புகளை, அதாவது படத்தையும் ஒலியையும் சுருக்கவும் விரிக்கவும் உதவும் நிரல்களை, நிறுவச் சொல்லும் அறிவுரையும் எங்கும் கிடைக்கும். அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். இன்றைய மாற்று மென்பொருள்களில் பெரும்பாலானவை தமக்குத் தேவையான கோடெக்குகளைத் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றின் உள்ளே ஓடுவது எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவசக் கருவிதான். கணினியில் தனியாக நிறுவும் தொகுப்பை அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வழி திறந்தது மீடியாஇன்ஃபோ என்ற சிறிய இலவசக் கருவியால். மாற்றிய கோப்பை அதில் போட்டால், உள்ளே என்னென்ன தடங்கள் (படம், ஒலி என்று தனித்தனியாக ஓடும் பதிவுகள்) இருக்கின்றன என்று காட்டிவிடும். சில கோப்புகளில் ஒலித்தடமே இல்லை. வேறு சிலவற்றில் ஒலித்தடம் இருந்தது, ஆனால் கேட்கவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். "ஒலி வரவில்லை" என்ற ஒரே புகாரின் கீழ் இவற்றைச் சேர்த்துப் போட்டு மருந்து தேடியதால்தான் உதவி மையத்துடன் நடத்திய மடல் போக்குவரத்து முழுவதும் வீணாயிற்று. மூல வட்டில் ஒலி உண்டா, மென்பொருள் அதைக் கண்டதா, வெளிவந்த கோப்பில் அது இருக்கிறதா, இயக்கும் கருவிக்கு அது புரிகிறதா என்று வரிசையாகப் பார்த்திருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

முதலில் தடமே இல்லாத கோப்புகளைப் பற்றிச் சொல்கிறேன். டிவிடியில் படமும் ஒலியும் கலந்து விஓபி என்ற கோப்புகளில் இருக்கும். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. எந்தத் தலைப்பில் (வட்டில் உள்ள ஒவ்வொரு தனிப் படத்துக்கும் தலைப்பு என்று பெயர்) எத்தனை ஒலித்தடங்கள், எந்த வகை, எந்த மொழி என்ற விவரம் ஐஎஃப்ஓ என்ற சிறு கோப்புகளில் தனியாக எழுதப்பட்டிருக்கும். நான் வாங்கிய மென்பொருளின் கையேடு, விஓபி கோப்புகளை நேரடியாக இழுத்துப் போடச் சொல்கிறது. அப்படிப் போட்டால் ஐஎஃப்ஓவில் உள்ள விவரம் மென்பொருளுக்குக் கிடைக்காது. விஓபி கோப்பின் தொடக்கத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அதுவே ஊகிக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் இயல்பாக அப்படிப் படிப்பது சுமார் 50 லட்சம் பைட். நொடிக்கு 80 லட்சம் பிட் வேகத்தில் பதிவான வட்டில் அது வெறும் 5 நொடிப் படம். என்னிடம் இருந்த வட்டுகளிலோ, பதிவு செய்து தந்தவர்கள் தங்கள் பெயரையும் பூ அலங்காரங்களையும் அரை நிமிடத்துக்கு ஒலியே இல்லாமல் சுழலவிட்டிருந்தார்கள். ஐந்து நொடி பார்த்த மென்பொருள், இந்தப் படத்துக்கு ஒலியே கிடையாது என்று முடிவு கட்டிவிட்டு, பின்னால் வந்த பேச்சு முழுவதையும் ஒதுக்கிவிட்டது. அதனால்தான் பிழைச்செய்தியும் வரவில்லை: அதைப் பொறுத்தவரை எல்லாமே சரியாகத்தான் நடந்தது.

இதற்கான தீர்வு எளிது. எஃப்எஃப்எம்பெக்கைக் கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டெழுதி, நேரடியாக இயக்குபவர்கள் புரோப்சைஸ், அனலைஸ்டியூரேஷன் என்ற இரண்டு அமைப்புகளையும் பெரிதாக்க வேண்டும். முதலாவது பைட் கணக்கு, இரண்டாவது மைக்ரோநொடிக் கணக்கு. இரண்டுக்கும் 10 கோடி என்று கொடுத்தேன், அதாவது 100 எம்பி அளவு வரையும் 100 நொடி நீளம் வரையும் தேடிப் பார்க்கலாம் என்று அனுமதி. மூலக் கோப்பின் பெயருக்கு முன்பாகவே இவற்றை எழுத வேண்டும். பின்னால் எழுதினால் பயனில்லை. கறுப்புத் திரையில் ஏசி-3 (டிவிடிகளில் வழக்கமாக வரும் ஒலி வடிவம்) ஒலித்தடம் என்ற வரி முதன்முறையாகத் தோன்றியபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எஃப்எஃப்எம்பெக்கின் 7.0 பதிப்பிலிருந்து டிவிடியை அதன் கட்டமைப்போடு படிக்கும் வசதியும் சேர்க்கப்பட்டுள்ளது. நாம் பதிவிறக்கும் தொகுப்பில் அது சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டளை வரி பிடிக்காதவர்கள் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்று மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதில் விஓபி கோப்புகளைத் தனித்தனியே போடாமல், வீடியோ டிஎஸ் கோப்புறை முழுவதையும் மூலமாகக் காட்ட வேண்டும். அது ஐஎஃப்ஓவைப் படிப்பதோடு, தொடக்கத்தை மட்டும் பாராமல் படம் நெடுகிலும் ஆங்காங்கே மாதிரி எடுத்துப் பார்க்கிறது. ஆகவே இந்தத் தொல்லை அதில் எழவில்லை. இதையே முதலில் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். காசு கொடுத்து ஒன்றை வாங்கி வைத்திருக்கும்போது இலவச மென்பொருளைத் தேடிப் போக யாருக்கு மனம் வரும்?

இன்னொரு வட்டில் காரணம் வேறாக இருந்தது. மென்பொருளின் அமைப்புகளில் விருப்ப மொழி என்று ஒரு கட்டம் உண்டு. அதில் குறித்த மொழியின் ஒலித்தடத்தை மட்டும் எடுக்கும். வீட்டுப் பதிவு வட்டுகளில் மொழிக் குறியீட்டை யாரும் நிரப்பி வைப்பதில்லை. மொழி காலியாக இருந்ததால் எதுவும் பொருந்தவில்லை, பொருந்தாததால் எதுவும் எடுக்கப்படவில்லை. அந்தக் கட்டத்தை "எதுவாயினும்" என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

அடுத்தது, தடம் இருந்தும் கேட்காத கோப்புகள். இவற்றில் பலவற்றுக்குக் காரணம் ஒன்றே: மென்பொருள் ஏசி-3 ஒலியை மாற்றாமல் அப்படியே எம்பி4 கோப்புக்குள் வைத்திருந்தது. விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் எல்லாக் கைப்பேசிகளும் ஏசி-3 ஒலியைப் படிப்பதில்லை, குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகளும் பொதுவாகப் படிப்பதில்லை. விஎல்சியில் கேட்கிறது, உலாவியில் கேட்கவில்லை என்றால் முதலில் இதையே சந்தேகியுங்கள். படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும், கைப்பேசிகளும் உலாவிகளும் பொதுவாகப் படிக்கும் ஏஏசி வடிவத்துக்கு மாற்றினால் போதும். முழுப் படத்தையும் மறுபடி மாற்றத் தேவையில்லை என்பதால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஒரு வட்டில் இசை கேட்டது, பேச்சு மட்டும் கேட்கவில்லை. அது ஒரே ஒலித்தடத்துக்குள் ஆறு ஸ்பீக்கர்களுக்கான ஒலிகள் தனித்தனியே இருக்கும் வகை. அத்தகைய பதிவில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான ஒலியில்தான் இருக்கும். ஆறையும் முறையாகக் கலந்து இரண்டாக்காமல் இடம், வலம் என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இசை மிஞ்சும், பேச்சு போய்விடும். கலப்பு முறையை ஸ்டீரியோ என்று தேர்ந்தெடுத்ததும் பேச்சு திரும்ப வந்தது.

என்னை மிக அதிகமாக அலைக்கழித்தது, ஹெட்போனில் தெளிவாகக் கேட்டு, கைப்பேசியின் ஸ்பீக்கரில் மட்டும் மௌனமாகிப் போன ஒரு மேடைப் பேச்சு. கோப்பில் தடம் இருக்கிறது, வடிவம் ஏஏசி, ஒலியளவும் நன்றாகவே இருக்கிறது. உதவி மையத்துக்கு இதையும் எழுதினேன். கைப்பேசியை அணைத்துப் போடச் சொன்னார்கள். கடைசியில் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒலியைத் திறந்து அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தபோது விடை கண்முன் நின்றது. இடப்பக்க அலை மேலே எழும் ஒவ்வோர் இடத்திலும் வலப்பக்க அலை அதே அளவு கீழே இறங்கியிருந்தது. ஒற்றை ஸ்பீக்கரில் ஒலிக்கும்போது இரண்டு பக்கங்களும் ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியமாகிவிடுகின்றன. ஹெட்போனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் கேட்கிறது, தலைக்குள் ஒருவித அழுத்தம்போல் தோன்றுவதோடு சரி. மேடையின் ஒலிக்கலவைக் கருவியிலிருந்து வரும் பேலன்ஸ்டு இணைப்பை, கேமராவின் ஸ்டீரியோ மைக் துளையில் நேராகச் செருகினால் இப்படித்தான் ஆகும். ஏனெனில் அந்த இணைப்பில் ஒரே குரல் நேராகவும் தலைகீழாகவும் இரு கம்பிகளில் வருகிறது. கேமரா அவற்றை இடம், வலம் என்று எடுத்துக்கொள்கிறது. பதிவு செய்த நாளிலேயே விளைந்த குறை இது, மாற்று மென்பொருளுக்கு இதில் பங்கில்லை. ஸ்டீரியோவை இரண்டாகப் பிரித்து, வலப்பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அலையைத் தலைகீழாக்கும் இன்வர்ட் கட்டளையைக் கொடுத்தேன். பேச்சாளர் கைப்பேசியிலும் பேசத் தொடங்கினார். இந்த முயற்சியில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி தந்த நேரம் அதுதான்.

கூடவே இருந்த பழைய விசிடிகள் எந்த முரண்டும் பிடிக்காமல் மாறிவிட்டன.

மாற்றி முடித்த கோப்புகளைச் சரிபார்ப்பதற்கு முன் வட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சரிபார்ப்பு என்றால் தொடக்கத்தை மட்டும் ஓட்டிப் பார்ப்பதன்று. நடுவிலும் முடிவிலும் பார்க்க வேண்டும், ஒருமுறையாவது கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். கோப்புகள் நிறைய இருந்தால் காதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. எஃப்எஃப்எம்பெக்கில் வால்யூம்டிடெக்ட் என்ற வடிகட்டி, முழுக் கோப்பின் சராசரி ஒலியளவையும் உச்ச அளவையும் டெசிபலில் சொல்லிவிடும் (இந்தக் கணக்கில் பூச்சியமே உச்சம், அதற்குக் கீழே போகப் போக ஒலி குறையும்). சாதாரணப் பேச்சுக்குப் பெரும்பாலும் மைனஸ் இருபதுகளில் ஏதாவது ஓர் எண் வரும். மைனஸ் 91 என்று வந்தால் தடம் இருந்தும் அதில் வெறும் மௌனம்தான் இருக்கிறது என்று பொருள். மேலே சொன்ன தலைகீழ் அலையையும் இதே வழியில் பிடிக்கலாம்: மோனோவாகக் கலக்கும் வடிகட்டியை முன்னாலும் அளக்கும் வடிகட்டியைப் பின்னாலும் வைத்து, ஸ்டீரியோ அளவோடு ஒப்பிட்டால், மோனோ அளவு அடியோடு சரிந்திருக்கும்.

அந்தச் சோதனையில் கடைசியாகச் சிக்கிய கோப்புக்கு மைனஸ் 91 வந்தது. டிவிடியின் ஒரு தலைப்பில் 8 ஒலித்தடங்கள் வரை வைக்கலாம். அந்த வட்டைத் தயாரித்தவர் இரண்டு தடங்கள் வைத்து, முதலாவதை வெறுமையாக விட்டுவிட்டு ஒலியை இரண்டாவதில் பதிந்திருந்தார். மென்பொருள் வழக்கம்போல் முதல் தடத்தை எடுத்துக்கொண்டு பச்சைப் பட்டையைக் காட்டியிருந்தது. இரண்டாவது தடத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடி மாற்றினேன். அளவு மைனஸ் 24 வந்தது.