காங்கயம் டிக்கெட்

ஜூன் 3, 2025

அமெரிக்க இயக்குநர் ஜான் ஹூஸ்டன் எடுத்த 'லெட் தேர் பி லைட்' பார்த்தேன். 1946ஆம் ஆண்டின் ஆவணப்படம். ஒரு மணி நேரம்கூட இல்லை. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த மேசன் ஜெனரல் என்ற ராணுவ மருத்துவமனை. உடம்பில் காயமில்லாமல் மனம் நொறுங்கி வந்த அமெரிக்கச் சிப்பாய்கள். யாரும் நடிகர்கள் இல்லை. தன் பெயரே மறந்துபோன ஒருவர், கால் நன்றாக இருந்தும் நடக்க முடியாத ஒருவர். காதலியின் புகைப்படம் வந்ததைச் சொல்லத் தொடங்கி, சொல்ல முடியாமல் அழுத கறுப்பினச் சிப்பாய்.

அப்புறம் அந்தத் திக்குவாய்க்காரர். ஊசி போட்டதும் வார்த்தைகள் கொட்டுகின்றன. "என்னால் பேச முடிகிறது! கடவுளே, கேளுங்கள், என்னால் பேச முடிகிறது!" என்று கத்துகிறார். அவரை மாட்டிவைத்தது 'ஸ்' என்ற ஒலி. ஜெர்மானியரின் எண்பத்தெட்டு மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு பறந்து வரும் சத்தம் அது. வாயைத் திறந்தால் குண்டு வருகிறது, என்ன பேசுவார்?

தூக்கம் வரவில்லை.

ஜூன் 4

இன்று முழுவதும் அந்த ஆள்மேல் எரிச்சல். உண்மையைச் சொன்னால் பொறாமை.

எனக்குத் திக்கும். ஐந்து வயதிலிருந்து. போர் எதற்கும் போகவில்லை. காரணமென்று எதுவும் கிடையாது. அம்மாயி என் நாக்கில் வசம்பு தேய்த்தார். பழனிக்கு நேர்ந்துகொண்டு மொட்டையும் போட்டார்கள். 'ப' எனக்கு ஆகாது. கோவையிலிருந்து பல்லடத்துக்குப் பஸ் ஏறினால், கண்டக்டர் பக்கத்தில் வரும்போதே உதடு ஒட்டிக்கொள்ளும். கல்லூரி நாட்களில் காங்கயத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பல்லடத்தில் இறங்கியிருக்கிறேன். "காங்கயம் இன்னும் வரலைங்க" என்று கண்டக்டர் அக்கறையாக எச்சரிப்பார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்குவேன்.

ஓர் ஊசியில் போகிற திக்கை நான் நம்பமாட்டேன். நல்ல நாளில் எனக்கும் ஒரு மணி நேரம் சரளமாக வரும். அந்த நேரத்தில் யாராவது கேமராவை வைத்தால் நானும் குணமானவன்தான்.

ஜூன் 8

இந்தப் படத்தை எடுக்கச் சொன்னதும் அமெரிக்க ராணுவம், பூட்டி வைத்ததும் அதுவே. 1946இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்டவிருந்த பிரதியை ராணுவப் போலீஸ் வந்து எடுத்துப்போனது. நோயாளிகளின் அந்தரங்கம் என்று காரணம் சொன்னார்கள். வீரன் உடைவதை ஊர் பார்க்கக் கூடாது என்பதுதான் காரணம் என்று ஹூஸ்டன் கடைசிவரை நம்பினார். 1948இல் நடிகர்களை வைத்து வேறொரு படமாக ராணுவம் இதைத் திரும்ப எடுத்தது. அதில் கறுப்பினச் சிப்பாய்களே இல்லை. அந்தரங்கத்தின் பேரில் அவர்கள் எதையெல்லாம் மறைத்தார்கள் என்பதற்கு அந்த ஒன்று போதும்.

மூலப்படம் வெளியே வந்தது 1980 கடைசியில். அதே ஆண்டில்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்ற பெயர் முதன்முதலாக ஏறியது. நோய்க்குப் பெயர் கிடைத்ததும் நோயாளிகளின் முகம் வெளியே வந்ததும் ஒரே ஆண்டில்.

ஜூன் 12

இன்னொரு படம்: 'ரீஜெனரேஷன்', 1997. முதல் உலகப் போர். எடின்பரோவுக்கு அருகில் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனை. மனம் உடைந்த அதிகாரிகளுக்கு அங்கே சிகிச்சை தந்த டாக்டர் ரிவர்ஸாக நடிகர் ஜோனதன் பிரைஸ்.

ஒரு காட்சியில் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். லண்டனில் டாக்டர் யீலண்ட், வாய் பேசாத சிப்பாய் ஒருவரை அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டித் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சுகிறார். பேசிவிட்டுத்தான் வெளியே போகலாம். இது கற்பனை இல்லை. யீலண்டே 1918இல் எழுதிய புத்தகத்தில் இப்படி ஒரு சிகிச்சை இருக்கிறது. நான்கு மணி நேரம், இடைவிடாமல். சிப்பாய் பேசினார். அவர் புத்தகத்தில் அது வெற்றிக் கணக்கு.

ஜூன் 14

ரிவர்ஸைப் பற்றிப் படிக்கப் படிக்க ஆச்சரியம். இவர் நம் நீலகிரிக்கு வந்தவர்! 1901-02இல் தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் அவர்களோடு உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன உறவு, பாட்டன் பெயர் என்ன, எருமைகள் எந்தக் குலத்துக்கு உரியவை என்று கேட்டுக் கேட்டு எழுதி, 1906இல் கனமான புத்தகமாகப் போட்டார்.

இன்னொன்று: ரிவர்ஸுக்கே திக்கும்! அப்பாவும் தாய்மாமனும் திக்குவாய்க்குச் சிகிச்சை தருகிறவர்கள். ஊர் வாயைத் திருத்திய வீட்டில் பிள்ளையின் வாய் திருந்தவில்லை. அப்படிப்பட்டவர்தான் பின்னாளில் எதிரே உட்கார்ந்து, அதிகாரிகள் தம் போக்கில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். மறக்க முயலாதீர்கள், நினைத்துப் பாருங்கள், பேசுங்கள் என்பதுதான் அவருடைய வைத்தியம். குண்டு வெடித்துத் தூக்கியெறிந்ததில், செத்து ஊதிப்போன ஜெர்மானியரின் வயிற்றில் முகம் புதைய விழுந்த அதிகாரி ஒருவருக்கு அதுவும் பலிக்கவில்லை. ராணுவத்தை விட்டு, முன்பு நிம்மதி தந்த கிராமப்புறத்துக்கே போகச் சொன்னார்கள். தோற்றதையும் கட்டுரையில் எழுதிவைத்தாரே, அதற்காகவே அவர்மேல் மதிப்பு.

ஆனால் குணமானவர்கள் எங்கே போனார்கள்? திரும்பவும் போர்முனைக்கு. கிரெய்க்லாக்ஹார்ட்டில் சிகிச்சை பெற்ற கவிஞர் வில்ஃபிரட் ஓவன் 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் போர் முடிந்தது.

ஜூன் 15

ஹூஸ்டன் படத்தை மறுபடி போட்டேன். நடக்க முடியாதவர் எழுந்து நடக்கும் இடம். வர்ணனை சொல்லும் குரல் ஹூஸ்டனின் அப்பா வால்டருடையது. நடந்துவிட்டதால் நோய் குணமானது என்று அர்த்தமில்லை, அதற்குக் காலம் பிடிக்கும் என்று அவர் தெளிவாகவே சொல்கிறார். முதல் தடவை எனக்கு அது காதில் விழவே இல்லை. நடக்கிற காலைப் பார்க்கும்போது எவன் வர்ணனையைக் கேட்கிறான்? பதினோரு நாட்களாகப் படத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் முடிவை நெருங்கும்போது படம் பேஸ்பால் ஆட்டத்துக்குத்தான் போகிறது. நடக்க முடியாதிருந்தவர் அங்கே ஓடுகிறார்.

ஜூன் 19

அக்கா வீட்டுக்குப் போனேன். சூலூர் தாண்டியதும் கண்டக்டர் வந்தார். சின்னப் பையன்; அவசரம் காட்டவில்லை. 'ப' தொடங்கியது, உதடு ஒட்டியது. அவர் காத்திருந்தார். பின்னால் யாரோ சில்லறை கேட்டார்கள்.

காங்கயம் என்று சொல்லி டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.