சோலாரில் வெந்நீர் வரலையா? கைப்பிடிச் சுவரைப் பாருங்க

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் குளிரில் சோலார் ஹீட்டர் மக்கர் பண்ணினால் உடனே கண்ணாடிக் குழாயைக் குறை சொல்ல வேண்டாம். பக்கெட் பிடிக்கும் குழாயில் வெந்நீர் வருகிறது, ஷவரில் வரவில்லை. மேல் டேங்க் ரொம்பியிருந்தால் வருகிறது, பாதியானால் நின்றுவிடுகிறது. இப்படியென்றால் அது ஏர் லாக், அதாவது பைப்புக்குள் காற்று அடைத்துத் தண்ணீரை மறிப்பது.

உப்பு அடைப்பு வேறு மாதிரி. நம்ம பக்கத்து போர் தண்ணீரில் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேகம் குறையும். ஏர் லாக் ஒரே நாளில் வரும், பெரும்பாலும் டேங்க் காலியாகி மறுபடி ரொப்பிய பிறகு. போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் காற்றையும் சேர்த்து இழுத்தாலும் வரும். தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் ஒரு டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் காற்று. அடியில் வெள்ளையாகப் படிந்தால் சுண்ணாம்பு.

இனி கணக்கு. மேல் டேங்க் தண்ணீர் மட்டம் மொட்டை மாடித் தரையிலிருந்து 10 அடி என்று வைப்போம். வெந்நீர் பைப் தரையோடு ஓடி, 3 அடி கைப்பிடிச் சுவர் மேல் ஏறி, வெளிப்பக்கம் இறங்கி, பாத்ரூம் தரை மட்டத்தில் நுழைந்து, 7 அடி ஏறி ஷவருக்குப் போகிறது. இறங்குகிற பைப்பில் காற்று நின்றால் அந்த இறக்கத்தால் ஒரு பயனும் இல்லை. ஏற்றங்கள் மட்டும் கணக்கில் நிற்கும்: 3 + 7 = 10. இருந்த 10 அடி அழுத்தமும் தீர்ந்தது, ஷவரில் சொட்டு வராது. இரண்டரை அடி உயரத்தில் இருக்கிற பக்கெட் குழாய்க்கு நாலரை அடி மிச்சம், அதனால் நூலாக வருகிறது.

காற்றை வெளியேற்ற, வெயில் ஏறுவதற்கு முன் மேல் டேங்கை முழுக்க ரொப்புங்கள். சோலாருக்குப் போகும் கேட் வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதா பாருங்கள். பழைய வால்வில் கைப்பிடி சுற்றும், உள்ளே தகடு அசையாது. அதை மாற்றிவிட்டு பால் (ball) வால்வு போடுவதே மேல். பிறகு ஷவர் தலையைக் கழற்றி, எல்லா வெந்நீர்க் குழாயையும் திறந்து விடுங்கள். குபுக் குபுக்கென்று துப்பித் துப்பி வந்தால் காற்று போகிறது என்று அர்த்தம்.

அப்படியும் வராவிட்டால், வாஷிங் மெஷின் ஹோஸ் ஒன்றால் பச்சைத் தண்ணீர்க் குழாயையும் வெந்நீர்க் குழாயையும் இணைத்து, இரண்டையும் 3 நிமிடம் திறந்து வையுங்கள். தண்ணீர் பின்பக்கமாகப் போய் காற்றை ஏர் வென்ட் (சோலார் டேங்கிலிருந்து காற்று வெளியேறும் திறந்த பைப்) வழியே தள்ளும். வெந்நீர் லைனில் என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) இருந்தால் இது நடக்காது, அதைக் கழற்ற வேண்டும். மோட்டாரிலிருந்து நேராக மட்டும் அடிக்காதீர்கள். சோலார் டேங்கின் வெல்டிங்கும் ரப்பர் வாஷரும் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

சோலார் டேங்க் காலியாகி வெயிலில் காய்ந்திருந்தால் மறுநாள் விடியற்காலை வரை ரொப்பக் கூடாது. சுட்டுக் கிடக்கும் கண்ணாடிக் குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் படீரென்று விரிசல் விடும்.

இதெல்லாம் அன்றைய தீர்வுதான், சுவர் மேல் பைப் ஏறி இறங்கும் மேடு இருக்கும்வரை காற்று திரும்ப வரும். கைப்பிடிச் சுவரின் அடியில் துளை போட்டு பைப்பைத் தரையோடு வெளியே எடுங்கள், 10 அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் கொடுத்து. சிபிவிசி பைப் (வெந்நீருக்குப் போடும் பிளாஸ்டிக் பைப்) வெயிலில் தொய்ந்து புது மேடு பள்ளம் உண்டாக்கும், அதனால் 3 அடிக்கு ஒரு கிளாம்ப். சுவரைத் துளைக்க மனமில்லையா? மேட்டின் உச்சியில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அரை அங்குல பைப்பை மேல் டேங்க் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அடி மேலே வரை தூக்கி விடுங்கள். வாயை மூடக் கூடாது, தூசி விழாமல் கவிழ்த்து வளைத்தால் போதும். சோலார் டேங்கின் ஏர் வென்ட்டுக்கும் இதே உயரம்தான். குறைந்தால் ராத்திரி பகலாகத் தண்ணீர் வழியும்.