சாய்சதுரத்துக்குள் ஒரு ஜே

பக்கத்து வீட்டுக்காரர் கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தார். மூலையில் கிடந்த வார்ப்பிரும்பு அடுப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடப் போவதாகச் சொன்னார். யாரோ எப்போதோ அதன்மேல் வெள்ளி நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அது செதில் செதிலாக உரிந்து, உள்ளேயிருந்து துரு எட்டிப் பார்த்தது. கால்கள் மூன்றுதான் இருந்தன. நாலாவது காலுக்குப் பதில் ஒரு செங்கல். கேட்டேன், கொடுத்துவிட்டார்.

மறுநாளே ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் டிஸ்க்கை மாட்டிக் கதவில் வைத்தேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. பெயின்டுக்கு அடியிலிருந்து ஏதோ புடைப்பாகத் தெரிந்தது, அதன் கீழ்முனை மழமழவென்று தேய்ந்து பளபளத்தது. உடனே நிறுத்தினேன். தேய்த்தது தேய்த்ததுதான். இப்போதும் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கும்போது மனசு சங்கடப்படுகிறது. பழைய அடுப்பு கையில் வந்தவுடன் அதைப் பளபளப்பாக்க நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் அதைப் படியுங்கள். சுத்தம் செய்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் கிரைண்டரைத் தொடவே இல்லை. பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, காய்ந்தபடி தேய்த்தால் தூளாகப் பறந்து மூச்சில் போகும். அதனால் பெயின்ட் ரிமூவரைப் பூசி, ஊறவிட்டு, மரக்குச்சியால் வழித்து, ஈரத் துணியால் துடைத்தேன். பிறகு கதவின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் காகிதத்தில் ஏறிவந்தன. நாணயத்தின் மேல் காகிதம் வைத்துத் தேய்ப்போமே, அதே வேலைதான். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலும் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும்.

காகிதத்தில் வந்தது ஒரு சாய்சதுரம். உச்சியில் சின்ன வட்டத்துக்குள் ரோமன் எண் ஒன்று, நடுவில் 'ஆர்டி' (பதிவு செய்தது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற இரண்டு எழுத்து, நாலு மூலையிலும் ஒவ்வொரு குறி. 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் பதிவு செய்த வடிவமைப்புகளுக்குப் போட்ட முத்திரை இது. மேலே உள்ள ரோமன் ஒன்று உலோகப் பொருள் என்பதைச் சொல்கிறது. ஆண்டு எழுத்து 1867 வரை மேல் மூலையில் இருக்கும், 1868 முதல் வலது மூலையில். என் கதவில் வலது மூலையில் 'ஜே' என்ற ஆங்கில எழுத்து. அது 1880. அதே எழுத்து மேல் மூலையில் இருந்திருந்தால் 1854. இருபத்தாறு வருஷ வித்தியாசம், எழுத்து நிற்கும் இடத்தில் இருக்கிறது! 1884 முதல் இந்தச் சாய்சதுரம் போய், வெறும் வரிசை எண் வந்துவிட்டது.

கீழ் மூலையில் மாதத்துக்கான எழுத்து இருக்க வேண்டும். நான் தேய்த்து அழித்தது அதைத்தான். அந்தப் பதிவேடுகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மேல் மூலையில் நாளும், இடது மூலையில் அன்றைய பதிவின் கட்டு எண்ணும் எனக்குத் தப்பிக் கிடைத்திருக்கின்றன. அவற்றை வைத்து ஒருநாள் தேடிப் பார்ப்பேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1880 என்பது வடிவமைப்பைப் பதிவு செய்த ஆண்டு. அதே அச்சில் அதற்குப் பிறகும் வார்த்திருக்கலாம். அதனால் 'இது 1880-இல் செய்த அடுப்பு' என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஆண்டு தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். போல்ட் கழற்றும்போது தெரிந்துவிடும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் இரும்புச் சாமானில் மெட்ரிக் மரை இருக்காது. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1841-இல் வகுத்த மரைதான். அதன் கோணம் 55 டிகிரி, இன்றைய மெட்ரிக் மரைக்கு 60. என் அடுப்பில் இருந்தவை கால் அங்குல போல்ட்டுகள், அங்குலத்துக்கு 20 மரை. ஆறு மில்லி போல்ட் ஒன்றை அதில் திருகிப் பார்த்தேன். லொடலொடவென்று ஒன்றிரண்டு சுற்று போய் நின்றது. மேலும் முறுக்கியிருந்தால் நூற்றுச்சொச்ச வருஷத்து மரை போயிருக்கும்.

எட்டு போல்ட்டில் ஐந்து அசையவே இல்லை. ஒரு வாரம் தினமும் எண்ணெய் விட்டேன். பிறகு நட்டை மட்டும் கேஸ் டார்ச்சால் சூடாக்கி மெழுகுவர்த்தியைத் தொட்டு வைத்தேன். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. நான்கு வந்துவிட்டன. ஐந்தாவதைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கதவு ஓரத்தில் சாம்பல் நிறக் கயிறு திணித்திருந்தது. பழைய அடுப்பில் அப்படிக் கண்டால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிய்க்காதீர்கள். நன்றாக நனைத்து, தகுந்த முகமூடி போட்டு, பையில் கட்டி, அதற்கென்று உள்ள கழிவில் சேருங்கள். அதற்கு வசதியில்லை என்றால் தெரிந்தவர்களை அழையுங்கள்.

மேல் தகட்டை ஒரு நூலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டிப் பார்த்தேன். மற்ற பாகங்களெல்லாம் கணீரென்றபோது இது மட்டும் டொக்கென்றது. புகைபோக்கித் துளையிலிருந்து விளிம்பை நோக்கி ஒரு மயிரிழை விரிசல். தட்டினால் விரிசலின் இரு ஓரமும் ஒட்டி வருமா என்று சுத்தியலை எடுத்தேன். வெல்டிங் வேலை செய்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் கூட இருந்தார். "தம்பி, சுத்தியலைக் கீழ வைங்க. இது வளையிற இரும்பு இல்ல, உடையிற இரும்பு" என்றார். வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் இருக்கும். அது உள்ளே கிராஃபைட் செதில்களாகப் படிந்திருப்பதால் அடி தாங்காது. அதே கார்பன்தான் இரும்பை எளிதில் உருகவும் வைக்கிறது. சுத்த இரும்பு 1538 டிகிரியில் உருகும், இது 1200-க்குள்ளேயே இளகி மணல் அச்சில் பூவேலையின் இண்டு இடுக்கெல்லாம் ஓடிவிடும்.

அவர் விரிசலின் நுனியில் சின்னத் துளை போட்டு அது மேலும் ஓடாமல் தடுத்தார். தகடு முழுவதையும் சூடாக்கி, நிக்கல் வெல்டிங் ராடால் ஒரு விரல் நீளம் பற்றவைப்பார், மெல்லத் தட்டுவார், நிறுத்துவார். மறுபடி ஒரு விரல். முடிந்ததும் தகட்டைக் காய்ந்த சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டோம். அவசரப்பட்டு ஆறவிட்டால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடுமாம்.

துரு எடுப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பெரிய பாகங்களுக்குக் கையால் கம்பி பிரஷ். சின்னவற்றைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையை அதற்கும் பாசிட்டிவ்வை ஒரு சாதா இரும்புத் துண்டுக்கும் கொடுத்தேன். அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது, குரோமிய விஷம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வரும் என்பதால் வேலை வெளியில்தான். பிறகு கிராஃபைட் பாலிஷ், மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்ததும் ஷூ பிரஷ்ஷால் தேய்ப்பு.

மிச்சம் நாலாவது கால். இருக்கும் காலையே அச்சுக்கு வைத்து வார்க்கலாம் என்றார் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்காரர். ஆனால் வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கும். 120 மில்லி கால் 1.2 மில்லி குட்டையாகிவிடும், அடுப்பு ஆடும். அதனால் காலின் அடியில் அந்தக் கனத்துக்கு அட்டையை வெட்டி ஒட்டி, அதன் பிறகே மணலில் அழுத்தினார்.

முதல் நெருப்பை வெளியிலேயே மூட்டினேன், ஒரு பிடிச் சுள்ளி மட்டும். பாலிஷ் புகைந்து நாற்றம் அடங்க இரண்டு மணி நேரம் ஆனது. வீட்டுக்குள் வைப்பதற்கு முன் புகைபோக்கியைச் சோதிக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரமும் வாங்க வேண்டும். சூடேற ஏற இரும்பு டிக், டிக் என்று விரிந்தது. மேல் தகட்டின் விரிசல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. அடுப்பின் மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது. செங்கல்லை எடுத்து ஓரமாகப் போட்டேன்.