ரயிலேக்குப் படகில்தான் போக முடியும்

தாய்லாந்தின் கிராபி ஊரிலிருந்து ஆவோ நாங் கடற்கரைக்கு சொங்தாவ் ஏறினோம். பிக்கப் வண்டியின் பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு. சொங்தாவ் என்றாலே 'இரண்டு வரிசை'தான்.

அங்கிருந்து ரயிலே என்ற கடற்கரைப் பகுதிக்குச் சாலை கிடையாது. சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக மறித்து நிற்கின்றன. நீள்வால் படகில் கால் மணி நேரம். ஆள் சேர்ந்த பிறகுதான் எடுப்பார்கள், காத்திருக்க வேண்டி வரலாம். படகின் முனையில் வண்ணத் துணிகளும் பூமாலையும் கட்டியிருந்தன. படகைக் காக்கும் மே யா நாங் அம்மனுக்காம். பார்த்ததும் கைகூப்பிவிட்டேன்.

கடல் உள்வாங்கிய நேரம். முழங்கால் தண்ணீரில் இறங்கி, பையைத் தலையில் வைத்து நடந்தோம். சக்கரப் பெட்டி வேண்டவே வேண்டாம், தோள்பை போதும். அப்புறம் எல்லாம் நடைதான். கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குச் சில நிமிடங்கள். கார் சத்தமே இல்லாத அந்த மாலை இன்னும் காதில் இருக்கிறது.