மணல் போய் கங்கை வந்த யாத்திரை

காசி யாத்திரை என்றால் பலரும் ரயிலேறி நேரே காசிக்குப் போய்விட்டுத் திரும்புவதாகத்தான் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முறை வேறு. யாத்திரை தொடங்குவதும் இராமேஸ்வரத்தில், முடிவதும் இராமேஸ்வரத்தில். முதலில் அங்கே கடலில் நீராடி, மணலெடுத்து, மூன்று லிங்கமாகப் பிடித்துப் பூஜை செய்ய வேண்டும். சேது மாதவர், பிந்து மாதவர், வேணி மாதவர் என்று அவற்றுக்குப் பெயர். வேணி மாதவரை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்து பூஜையில் வைத்திருந்து, பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைக்க வேண்டும். அங்கிருந்து கங்கை எடுத்துக்கொண்டு, காசியும் கயாவும் முடித்து, மறுபடி இராமேஸ்வரம் வந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவு.

அம்மா இதில் ஒரு படியைக்கூட விடவில்லை. மணலெடுத்த நாள் முதல் பூஜை அறையில் வேணி மாதவருக்குத் தினமும் ஒரு பூவாவது வைத்தார். காசியிலிருந்து திரும்பிய பிறகு அதே இடத்தில் கங்கைச் சொம்பு வந்து உட்கார்ந்தது. வாயை அடைத்த செம்புச் சொம்பு. அதற்கும் சந்தனம், குங்குமம், பூ, காலையில் ஒரு நமஸ்காரம். யாத்திரைக்கு நடுவில் வீட்டில் இருந்த நாட்களும் யாத்திரைதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இராமேஸ்வரத்துக்கு இரண்டாம் முறை கிளம்பியபோது நானும் கூடப் போனேன்.

போகும் வழியில் உப்பூரில் வெயிலுகந்த விநாயகரை வணங்கிவிட்டு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகங்களாக நிற்கும் ஒன்பது கற்களை, நவபாஷாணத்தை, சுற்றி வந்தோம். சேதுவுக்குப் போகும் முன் இராமபிரான் நவக்கிரகங்களை வழிபட்ட இடம் என்பது தலபுராணம். திருப்புல்லாணியில் தர்ப்பைப் புல்லின்மேல் இராமர் சயனித்திருக்கும் கோலத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. வில்லை வளைப்பதற்கு முன்னால் கடலரசனிடம் வழி கேட்டு அவர் காத்துக் கிடந்த இடம் அது. நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. பாயசப் பிரசாதம் பெயர்பெற்றது.

இராமநாதபுரத்தில் ரயில் பிடித்தோம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில்தான் அம்மா சிறு வயதில் போயிருக்கிறார். இப்போது 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். கடல் வந்ததும் பெட்டியில் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். அம்மா மட்டும் மடியில் சொம்பை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் முதலில் ஸ்படிக லிங்க தரிசனம். அப்புறம் கோயிலுக்குக் கிழக்கே அக்னி தீர்த்தம், அதாவது கடல். இந்தப் பக்கத்துக் கடலில் அலையே கிடையாது. பெண் கடல் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வயதானவர்கள்கூட பயமில்லாமல் இறங்கி முழுக்குப் போடலாம். கரையில் வரிசையாகத் தர்ப்பணம் நடந்துகொண்டிருந்தது. எள்ளும் தண்ணீரும் விடும்போது அம்மா தாத்தா பாட்டி பெயரோடு, எனக்குத் தெரியாத சிலருடைய பெயர்களையும் சொன்னார். பிள்ளை இல்லாமல் போனவர்களாம். "அவங்களுக்கும் யாராவது விடணும்ல" என்றார்.

ஈரத்துணியோடு கோயிலுக்குள் போனால் இருபத்திரண்டு தீர்த்தங்கள். என்னைக் கேட்டால் இராமேஸ்வரத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தத்தில் முடியும். கிணற்று விளிம்பில் ஏறி நின்று கயிற்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். "குனிஞ்சுக்கங்க அம்மா" என்று ஒரு குரல், உடனே ஜில்லென்று தண்ணீர், அடுத்த கிணற்றுக்கு ஓட்டம். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை.

சாவித்திரி, காயத்ரி, சரஸ்வதி, சூரியன், சந்திரன், கங்கை, யமுனை, கயா என்று பெயர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. நடுவில் நளன், நீலன், கவயன், கவாட்சன், கந்தமாதனன் என்று வானரர்கள் பெயரிலும் தீர்த்தங்கள். என் மனம் அங்கேதான் நின்றது. பாலம் கட்டக் கல் சுமந்தவர்களின் பெயரைச் சொல்லித்தான் இன்றைக்கும் ஜனங்கள் தலையில் தண்ணீர் வாங்கிக்கொள்கிறார்கள்.

கடைசியில் கோடி தீர்த்தம். லிங்கத்துக்கு அபிஷேகம் செய்யத் தண்ணீர் வேண்டி இராமர் வில்லின் நுனியால் தரையை ஊன்றி வரவழைத்தது என்கிறார்கள். இந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்கு எடுத்து வருவது வழக்கம். போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வரிசை நீளமாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். சீட்டு வாங்கி, நிதானமாக ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக்கொண்டு போங்கள். மாற்றுத்துணி கையோடு இருக்கட்டும். சுவாமி சந்நிதிக்கு ஈரத்துணியோடு போகக் கூடாது.

உடை மாற்றிக்கொண்டு மூன்றாம் பிரகாரத்தில் நடந்தோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள். சேதுபதி மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த திருப்பணி இது. பெரிய சுதை நந்தியைக் கடந்தால் சந்நிதி.

இங்கே முதல் பூஜை இராமநாதருக்கு இல்லை, அனுமன் கயிலையிலிருந்து கொண்டு வந்த விஸ்வலிங்கத்துக்குத்தான். அனுமன் வரத் தாமதமானதால் சீதாதேவி மணலில் லிங்கம் பிடிக்க, இராமர் அதைப் பூஜித்துவிட்டார். அதுதான் இராமநாதர். ஓடி வந்து பார்த்த அனுமனுக்கு வருத்தம். மணல் லிங்கத்தை வாலால் சுற்றி இழுத்துப் பார்த்தும் அது அசையவில்லை. அதற்காக இராமர் அனுமனை ஒதுக்கிவிடவில்லை. அனுமன் கொண்டு வந்த லிங்கத்தையும் பக்கத்திலேயே பிரதிஷ்டை செய்து, முதல் மரியாதை இதற்கே என்று வைத்தார். தாமதமாக வந்தவனுக்கு முதல் இடம் கொடுத்த தெய்வத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது.

கங்காபிஷேகத்துக்குச் சீட்டு வாங்கிச் சொம்பைக் கொடுத்தோம். அடைப்பைத் திறந்து குருக்கள் ஊற்றியது சில நொடிதான். இந்தக் கரை மணலை அம்மா கங்கையில் கரைத்தார். கங்கை இங்கே சீதை பிடித்த மணல் லிங்கத்தின் மேல் விழுந்தது. ஒரு பெண் கைமணல் பிடித்து வைத்த சாமிக்கு இமயத்திலிருந்து இறங்கிய தண்ணீர் வந்து சேர்வதற்காகத்தான் இவ்வளவு தூரமும் என்று தோன்றியது. அம்மா வாய்விட்டு அழுதார். பர்வதவர்த்தினி அம்மன் சந்நிதியில் அர்ச்சனை முடித்துவிட்டுத்தான் பேச்சே வந்தது.

ஊருக்கு வந்ததும் கங்கா சமாராதனை. அம்மா எடுத்து வந்தவற்றில் மீதியிருந்த ஒரு கங்கைச் சொம்பை மாக்கோலத்தின் மேல் வைத்துப் பூஜை செய்து, சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டு, காசிக் கயிறும் கோடி தீர்த்தமும் கொடுத்தோம். கயாவில் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலையை இனித் தொடுவதில்லை என்று விட்டுவர வேண்டும். பிடிக்காததை விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அம்மா தனக்கு உயிரான கத்தரிக்காயை விட்டார். அன்றைக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து எல்லோருக்கும் அவரே பரிமாறினார்.

சாப்பிட்டு முடித்த கையோடு அத்தை, "அண்ணி, அடுத்த ஆடி அமாவாசைக்கு நான் மணலெடுக்கப் போறேன், என்னென்ன வேணும்னு சொல்லுங்க" என்று நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். அம்மா உப்பூர் பிள்ளையாரிலிருந்து சொல்லத் தொடங்கினார்.