மெத்தை வாங்கப் போகேக்கை தராசும் கொண்டு போங்கோ

வெண்டிக்காய் வாங்கினால் நுனியை முறித்துப் பார்க்கிறோம். தேங்காயைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்க்கிறோம். பத்து வருசம் படுக்கப் போகிற மெத்தையை மட்டும் பெருவிரலால் ஒருதரம் அமத்திப் பார்த்துவிட்டு, "ஓம், நல்ல கெட்டி" என்று காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். மெத்தை தைத்து மூடின சாமான். உள்ளுக்குள் இருப்பதை அறிய ஐந்தாறு வழி உண்டு. 72க்கு 60 அங்குலக் கட்டில் ஒன்றுக்கு மெத்தை தேடி யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதி, திருநெல்வேலி, சுன்னாகம் என்று ஏறி இறங்கினபோது அவற்றில் எது கைகொடுத்தது, எது ஏமாற்றியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலை கடையில் தொடங்குவதில்லை, கட்டிலில் தொடங்குகிறது. எங்கட பக்கத்துக் கட்டில்களில் அரைவாசி ஓடாவி வீட்டுக்கு வந்து செய்தது. "ஆறுக்கு ஐந்து" என்று சொல்லிச் செய்வித்த வேம்புக் கட்டிலின் உள்நீளம் 71½ ஆகவும் இருக்கும், 73 ஆகவும் இருக்கும். தலைமாட்டில், நடுவில், கால்மாட்டில் என்று அகலத்தை மூன்று இடத்தில் அளந்து, சின்ன அளவை எடுங்கோ. நீளத்துக்கும் அப்படித்தான். மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையில் பக்கத்துக்கு அரை அங்குலம் போதும். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் விட்டால் மெத்தை ஒருபக்கம் நகரும், சின்னப் பிள்ளையின் கால் போய் இறுகும். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் நீளம் 72, 75, 78. அகலம் 36, 48, 60, 72. படுக்கிற ஆளின் உயரத்தோடு ஆறு அங்குலம் கூட்டினால் வருவதுதான் அவருக்கு வேண்டிய நீளம். ஐந்தடி ஆறு அங்குல ஆளுக்கு 72 சரி, ஐந்தடி பத்துக்கு 76 வருகிறபடியால் 78 வேணும்.

அடுத்தது அடிப்பலகை. குறுக்குச் சட்டம் அடித்த கட்டிலில் சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி மூன்று அங்குலத்தைத் தாண்டினால் ஸ்பொஞ்ச் மெத்தை இடைவெளிக்குள் இறங்கும். பிறகு மெத்தை பழுது என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்போம். முழுப் பலகை அடித்த கட்டிலில் வேறு கரைச்சல். உடம்பின் வெக்கையும் வியர்வையும் கீழே இறங்கிப் போக வழியில்லாமல், மாரி காலத்தில் மெத்தையின் அடிப்பக்கம் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். பலகையில் அரை அடிக்கு ஒன்றாக ஒரு அங்குல ஓட்டை துளைத்து விட்டால் தீரும். சிமெந்து நிலத்தில் நேரே போடுகிறவர்களுக்கு இது இன்னும் கெதியாக வரும். பனையோலைப் பாயை அடியில் விரித்தாலும் காற்று போகாது, பாயும் சேர்ந்து பழுதாகும். காலையில் மெத்தையைத் தூக்கிச் சுவரோடு சாத்தி வைப்பதைத் தவிர வழியில்லை.

உயரத்தை மறந்துவிட்டுப் பத்து அங்குல மெத்தை எடுத்தவர்கள் ஊரில் கனபேர். பழைய கட்டிலின் பலகை நிலத்திலிருந்து 18 அங்குலத்தில் இருக்கும். அதற்கு மேல் பத்து வைத்தால் 28. அம்மம்மாவுக்குக் கால் நிலத்தில் படாது. இருந்து எழும்புகிற ஆளுக்கு 18 முதல் 20 அங்குலம்தான் வசதி. இன்னொன்று, நுளம்பு வலை. ஐந்து அங்குல மெத்தைக்குக் கணக்காக இருந்த வலை பத்து அங்குலத்துக்கு எட்டாது. எட்டினாலும் முப்பது கிலோ ஸ்பிரிங் மெத்தையை ஒவ்வொரு இரவும் தூக்கி வலையைச் செருகிப் பாருங்கோ!

இனித் தராசு. வெங்காயம் நிறுக்கிற சின்ன எலெக்ட்ரொனிக் தொங்கு தராசு போதும், சட்டைப்பைக்குள் அடங்கும். ஸ்பொஞ்சின் தரத்துக்குக் கடைக்காரர் சொல்வது டென்சிற்றி, அதாவது ஒரு கனமீற்றர் ஸ்பொஞ்ச் எத்தனை கிலோ என்பது. "இது 32 டென்சிற்றி அண்ணை" என்றால் அதைச் சரிபார்க்க நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,024 ஆல் வகுங்கோ, கனமீற்றர் வரும். 72 × 60 × 6 என்றால் 25,920. வகுத்தால் 0.425. இதை 32 ஆல் பெருக்கினால் 13.6 கிலோ. அவ்வளவும் வெறும் ஸ்பொஞ்சின் நிறை. மேலுறைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ கூட்டினால் மெத்தை பதினைந்து கிலோவுக்குக் குறையக்கூடாது.

ஒரு கடையில் 32 என்று சொன்ன மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டித் தூக்கினபோது தராசு காட்டியது 12.1. உறையைக் கழித்தால் பத்தேகால், அதாவது 24 டென்சிற்றி. கணக்குப் போட்ட கடதாசியைப் பார்த்த விற்பனைப் பெடியன், "அண்ணை, இது புது மொடல், லைற் வெயிற்" என்றான். ஸ்பொஞ்சில் அப்படி ஒரு மந்திரம் கிடையாது. நிறை குறைந்தால் சரக்குக் குறைவு, அவ்வளவுதான். 24க்குக் கீழே எப்போதாவது வருகிற விருந்தாளிக்குச் சரி. வளர்ந்த ஆள் தினமும் படுக்க 32, எண்பது கிலோவுக்கு மேற்பட்ட ஆளுக்கு 40 என்பது என் கணக்கு.

கவனிக்க வேண்டியது, டென்சிற்றி வேறு, கெட்டி வேறு. குறைந்த டென்சிற்றி ஸ்பொஞ்சைக் கெட்டியாகவும் வார்க்கலாம், கூடின டென்சிற்றியை மெதுவாகவும் வார்க்கலாம். முதலாவது கடையில் இரும்பு மாதிரி இருந்து ஒரு வருசத்தில் இடுப்புப் பக்கம் குழி விழும். பெருவிரல் சோதனை ஏமாற்றுவது இங்கேதான். தராசையும் ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. வார்க்கும்போதே சுண்ணாம்புத் தூள் கலந்து நிறையைக் கூட்டுவார்கள். உறையில் சிப் (zip) இருந்தால் திறந்து, ஸ்பொஞ்சின் வெட்டு விளிம்பை விரலால் நன்றாக உரசுங்கோ. மாவு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தால் எடுக்க வேண்டாம். உள்ளங்கையால் அரைவாசிக்கு அமத்தி அரை நிமிடம் பிடித்து விட்டால் உடனே எழும்ப வேணும். கை அடையாளம் நின்று மெல்ல எழும்பினால் அது மெமரி ஃபோம், அல்லது செத்த ஸ்பொஞ்ச்.

சிப்பைத் திறக்கும்போது தடிப்பையும் அளவுங்கோ. "ஆறு அங்குலம்" என்பதில் உறையோடு தைத்த மெல்லிய ஸ்பொஞ்சும் சேர்ந்திருக்கும், உள்ளே இருப்பது ஐந்தரையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் கணக்கிலும் ஐந்தரைதான் போட வேணும். சிப் இல்லாத மெத்தைக்கு நிலத்தில் போட்டு, மேலே நேரான பலகையை வைத்து, பலகையின் அடியிலிருந்து நிலத்துக்கு அளப்பதுதான் வழி. மூலைமடிப்பில் நாடாவை வைத்தால் எப்போதும் கூடக் காட்டும்.

மெத்தையின் பேரோடு ஒட்டி வருகிற "ஓதோ" (எலும்பு மூட்டு வைத்தியத்தைக் குறிக்கிற ஓதோபீடிக் என்பதின் சுருக்கம்) என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "டொக்டர்மார் எழுதிக் குடுக்கிறது, அண்ணை" என்றுதான் அறிமுகம். பெரும்பாலும் உள்ளே இருப்பது றீபொண்டட், அதாவது ஸ்பொஞ்ச் வெட்டுத் துண்டுகளைப் பசை போட்டு அழுத்திச் செய்தது. வெட்டுமுகத்தில் மஞ்சள், நீலம், வெள்ளை எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். கனமீற்றருக்கு 80 கிலோவுக்கு மேல் போகும். கெட்டிதான், நெடுநாளும் நிற்கும். ஆனால் கெட்டியே முதுகுக்கு மருந்து என்பது சரியில்லை. 2003 இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வில், நாட்பட்ட இடுப்புவலிக்காரர் 313 பேரில், மிகக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களை விட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. நாலு அங்குல றீபொண்டட்டின் மேல் இரண்டு அங்குல நல்ல ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்தது, எங்கட விலைக்குள் எடுக்கக்கூடிய நல்ல கூட்டு என்பது என் அபிப்பிராயம். வாகனச் சீற்றுக்குக் குஷன் அடிக்கிற கடைகளில் அப்படி அடுக்கி வெட்டித் தைத்துக் கேட்கலாம். ஓடாவியின் கோணல் அளவுக்கும் அதுவே தீர்வு, வெட்டுமுகத்தையும் கண்ணால் பார்க்கலாம்.

தும்பு மெத்தை எங்கட வெக்கைக்கு நல்ல சாமான். தென்னந்தும்பில் றப்பர்ப் பால் தெளித்து அழுத்தினது. காற்று ஊடுபோகும், பங்குனி சித்திரைப் புழுக்கத்தில் முதுகு நனையாது. குறை என்னவென்றால் மடித்தால் போச்சு. ஓட்டோவில் மடித்துத் திணித்துக் கொண்டு வந்தால் மடிப்பில் தும்பு முறிந்து, அந்த இடம் பிறகு எழும்பாது. கட்டிலுக்கு அடியில் பழுப்புத் தூள் கொட்டத் தொடங்கினால் றப்பர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

லேற்றெக்ஸ், அதாவது றப்பர்ப் பாலில் வார்த்த மெத்தை, எடுக்க வசதி இருந்தால் எடுங்கோ. ஆனால் பஞ்சு மெத்தையைப் போல முற்றத்து வெயிலில் காயப் போடக்கூடாது, றப்பர் வெயிலில் வெடித்து நொறுங்கும். நிழலும் காற்றும் போதும். மெமரி ஃபோமை ஏசிக் கடையில் வைத்து மதிப்பிட வேண்டாம். அது குளிரில் இறுகி, சூட்டில் இளகும். கடையில் கணக்காக இருந்தது வீட்டில் மின்விசிறிக்குக் கீழே சேறு மாதிரி ஆகும்.

ஸ்பிரிங்கில் ஆறு அங்குலத்தை நம்பாதையுங்கோ. ஸ்பிரிங் கூடு மட்டுமே நாலு ஐந்து அங்குலம் எடுக்கும், மேலே மெத்தென்று வைக்க இடமே மிஞ்சாது. ஒரு வருசத்தில் கம்பி முதுகில் தட்டும். எட்டுக்குக் குறைய எடுப்பதில் பயனில்லை. கம்பியின் கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியது என்பதையும் நினைவில் வைத்திருங்கோ, "எங்கட 15 கேஜ், அவையளின்ர 13தான்" என்று தலைகீழாகப் பெருமை பேசுகிறவர்களும் உண்டு. இருவர் படுக்கிற கட்டிலுக்குப் பொக்கெற் ஸ்பிரிங் நல்லது. ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பைக்குள் இருப்பதால் ஒருவர் புரண்டால் மற்றவர் எழும்பமாட்டார். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்கும், அங்கே ஸ்பொஞ்சோ தும்போ போதும்.

படுத்துப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். ஆனால் கடையில் மூன்று மெத்தையை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலதில் படுக்கச் சொல்வார்கள். அப்போது நீங்கள் படுப்பது மூன்று மெத்தையில். ஒன்றைத் தனியாகப் பலகையில் போடச் சொல்லி, வீட்டில் எந்தப் பக்கம் சரிந்து படுப்பீர்களோ அந்தப் பக்கம் பத்து நிமிடம் படுங்கோ. மல்லாந்து படுத்து இடுப்பு வளைவுக்குக் கீழே கையை விடுங்கோ. கை தாராளமாகப் போய் வந்தால் கெட்டி அதிகம். நுழையவே இல்லையென்றால் உடம்பு தாழ்கிறது. இறுக்கமாக நுழைந்தால் சரி.

விலை பேசுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுச் சனம் வந்து நிற்கும்போது யாரும் இறங்கி வரமாட்டார்கள். இலவசத் தலையணை இரண்டை விட ஏற்றுக்கூலியைக் கேட்பது லாபம். தவணைக்கு எடுத்தால் மொத்தம் எவ்வளவு வருகிறது என்று கூட்டிப் பாருங்கோ.

பில்லில் மொடல், மூன்று அளவு, டென்சிற்றி எல்லாம் எழுதுவியுங்கோ. வெறும் "மெத்தை 1" என்ற பில் எதற்கும் உதவாது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது கடைக்காரரின் கடமை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம். பத்து வருச வொறன்ரி என்றால், எத்தனை அங்குலம் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள், கறை பட்டால் செல்லுமா, கொழும்புக்கு அனுப்புகிற கூலி யாருக்கு என்ற மூன்றையும் கேளுங்கோ. கடையில் பார்த்ததற்குப் பதிலாக வேறொன்று வந்து இறங்குவதும் நடக்கிறது. எடுக்கிற மெத்தையின் லேபிளில் பேனையால் ஒரு கையெழுத்து வைத்துவிட்டு வந்தால் அந்தக் கதை இல்லை. வீதி வீதியாக வாகனத்தில் கொண்டு வருகிறவர்களிடம் பில்லும் இல்லை, நாளைக்கு ஆளும் இல்லை.

ஏற்றுவதற்குப் பட்டா என்கிற சின்ன லொறி நல்லது, மெத்தை மடியாமல் கிடையாக வரும். அதே வாகனத்தில் யாருடையதோ பழைய மெத்தை திரும்பிப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கோ, மூட்டைப்பூச்சி ஏற ஒரு பயணம் போதும். நெடுந்தீவுக்குக் கொண்டு போகிறவர்கள் குறிகாட்டுவானில் படகில் ஏற்ற முதலே பொலித்தீனை இரண்டு சுற்றுச் சுற்றுங்கோ, உப்புத் தண்ணி குடித்த ஸ்பொஞ்ச் உலர்ந்தாலும் ஈரக்குணம் போகாது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொலித்தீனைக் கழற்ற வேணும். "ஊத்தை படாமல் இருக்கட்டும்" என்று அப்படியே விரிப்புப் போட்டுப் படுத்தால் வியர்வை உள்ளே நின்று நாறும். புது ஸ்பொஞ்சின் மணம் போக இரண்டு மூன்று நாள் நிழலில் சாத்தி வையுங்கோ. முதல் மூன்று மாதம் மாதம் ஒருதரமும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருதரமும் தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்புங்கோ. ஒரு பக்கத்துக்கு மட்டும் மெத்தென்று செய்ததைப் புரட்டக்கூடாது. வருசத்துக்கு ஒருதரம் மெத்தையின் குறுக்கே நூலை இறுக்கிப் பிடித்து, நூலுக்கும் குழிக்கும் இடையில் அடிமட்டத்தை வைத்து அளந்து, அந்த எண்ணைத் திகதியோடு பில்லின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கோ. வொறன்ரி கேட்டுப் போகும்போது மேசையில் வைப்பதற்கு அது இருக்கும்.